நாவற்பழச் சாயம்

ஆடி 3, வெள்ளி

அப்படியே விட்டுவிட முடியுமா, நீயே சொல் பிள்ளையாரப்பா. கோயிலில் உன்னிடம் பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே பூசாரி சாவிக்கொத்தை ஆட்ட ஆரம்பித்துவிட்டார். "ஏ செங்கமலம், சாமிக்கும் காது வலிக்கும்லா. எந்திரி, நடை சாத்தணும்" என்கிறார். உனக்கா காது வலிக்கும்? முறம் மாதிரி இரண்டு வைத்திருக்கிறாய். அங்கே சொல்லி முடியாததை இனிமேல் இதில் எழுதிவிடுகிறேன். உரக்கடையில் கொடுத்த டைரி, பருப்பு டப்பா மேல் சும்மா கிடந்தது. எட்டாம் வகுப்போடு நின்றவள் எழுத்து. கொம்பு, கால் எங்காவது விட்டுப்போயிருந்தால் நீ சேர்த்து வாசித்துக்கொள்.

விட்ட இடம் பரணி. உனக்குத் தெரியாதவனா? என் தம்பி மகன். தம்பி போய்ச் சேர்ந்துவிட்டான். தம்பி பெண்டாட்டி தேன்மொழி தென்காசியில் பெண்பிள்ளைகள் விடுதியில் சமைக்கிறாள், ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுப் பக்கம் வருவாள். மற்ற நாளெல்லாம் அவனுக்கு நான், எனக்கு அவன். எனக்கு வயிற்றில் ஒன்றும் நீ கொடுக்கவில்லை. அதைப் பற்றி நான் கேட்டதும் இல்லை.

போன வருடம் போலீஸ் பரீட்சை எழுதிப் பாஸானான். உடல் தகுதிக்குப் போன இடத்தில் கயிறு ஏறும்போது பாதியில் வழுக்கிக் கீழே வந்துவிட்டான். கை வேர்த்துவிட்டது என்று சொன்னான். கை வேர்த்ததாம். எழுத்தில் பாஸானால் ஆயிரத்தெட்டுத் தோப்புக்கரணம் அவன் கையாலேயே காதைப் பிடித்துப் போடுவான் என்று நான் உனக்கு நேர்ந்திருந்தேன். பயல் இருபத்தொன்று போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே ஓடிப்போனான். நீ கயிற்றை விட்டுவிட்டாய். உன் மேல் குற்றம் சொல்லவில்லை. பாக்கி வைத்தால் யார்தான் விடுவார்கள்?

இந்த வருடமும் எழுத்தில் பாஸாக்கிவிட்டாய். அடுத்த மாதம் உடல் தகுதி. அப்படியே விட்டுவிட முடியுமா என்பதுதான் நான் கேட்க வந்தது.

ஆடி 6, திங்கள்

இன்று சிரித்து வயிறு வலித்துவிட்டது. ஓடிவிட்டு வந்து படியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தவன், "அத்தே, நாவப்பழம் வாங்கிப் போடுங்க. அதுல ஆன்ட்டி ஆக்ஸிடன்ட் நெறைய இருக்காம்" என்றான்.

"ஆன்ட்டிக்கு ஆக்சிடென்ட்டா? எதுக்குல என்னைய வம்புக்கு இழுக்க?"

"ஐயோ, ஆக்சிடென்ட் இல்ல. ஆக்ஸிடன்ட். ஓடி முடிச்சதும் சதைக்குள்ள துரு பிடிச்ச மாதிரி ஆகுமாம். கலர் அடிக்கிற பழமெல்லாம் அந்தத் துருவப் பிடிக்க விடாதாம். நாவப்பழம், மாதுளை, கறுப்பு திராட்சை."

"அப்போ உனக்கு ஆக்சிடென்ட் வராம ஆன்ட்டி பாத்துக்கிடணும். அதான?"

"அப்படியே வச்சுக்கிடுங்க" என்று தலையில் கை வைத்துக்கொண்டான்.

மாதுளை விலைக்கு நாம் எங்கே போவது. நாவல் நம் ஊர்ப் பழம், உனக்கும் பிடித்த பழம். பேருந்து நிறுத்தத்தில் செல்லக்கிளி கூடை வைத்திருக்கிறாள். மலையடிவாரத்திலிருந்து விடியுமுன்னே கொண்டு வந்துவிடுவாள். உழக்கால் அளந்து உப்புத் தூவிக் கொடுத்தாள். தின்றுவிட்டு நாக்கை நீட்டிக் காட்டினான், கத்தரிக்காய் நிறம். அவன் சின்ன வயதில் காட்டியது மாதிரியே இருந்தது. கொட்டைகளைக் கழுவி முறத்தில் காயப் போட்டிருக்கிறேன். இடித்தால் என் சர்க்கரைக்கு ஆகும்.

ஆடி 12, ஞாயிறு

தேன்மொழி வந்தாள். மீன் வாங்கி வந்திருந்தாள், நான் ஆடி மாதம் தொடுவதில்லை என்று தெரிந்தும். அவளே சமைத்து அவளே மகனுக்குப் போட்டாள். போடட்டும்.

வேண்டுதல் பேச்சை எடுத்தேன். பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்: "மதினி, அவன் வேலைக்குப் போவட்டும். மொதச் சம்பளத்துல சாமிக்கு வெள்ளிக் கவசமே செஞ்சு போடுவோம். இப்பம் அவன விடுங்க."

"கவசம் நீ செய்வ. நேந்தது நானுல்லா. அவன் காலால போடணும்னு சொல்லியிருக்கேன்."

"உங்க காலால போடுறதா நேந்திருக்கலாம்லா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவளுக்கு எப்போதும் நாக்கு கொஞ்சம் நீளம். என் முழங்கால் தேய்ந்துபோனது ஊருக்கே தெரியும், உனக்குத் தெரியாதா? முடிந்தால் போட்டிருக்க மாட்டேனா?

ஆடி 18, சனி

பெருக்கு. ஏழு வகைச் சாதம் கிண்டினேன். பரணி எலுமிச்சைச் சாதம் மட்டும் தின்றான்.

ஆடி 24, வெள்ளி

கூழ் ஊற்றிவிட்டு மிச்சத்தைத் தூக்கில் எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். பயல்கள் இருபது பேர் இருப்பார்கள். பயிற்சி கொடுப்பவர் ஜெபராஜ் மாஸ்டர், போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர், காசு வாங்காமல் சொல்லிக்கொடுக்கிறார். வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர். ஆனாலும் கோயில் கூழை இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார், அதைச் சொல்ல வேண்டும்.

பரணி கயிறு ஏறினான். நான் கண்ணை மூடிக்கொண்டு உன் பேரைச் சொன்னேன். கண்ணைத் திறந்தால் உச்சியில் இருக்கிறான். "அத்தே!" என்று அங்கிருந்தே கத்துகிறான். எல்லாப் பயல்களும் "ஆன்ட்டி! ஆன்ட்டி!" என்று ஒரே கூச்சல். அவன்தான் அந்த ஆக்சிடென்ட் கதையை எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறான்.

மாஸ்டரிடம் நாவற்பழம் கொடுப்பதைச் சொன்னேன். "குடுங்கம்மா, நல்ல பழந்தான்" என்றார். "ஆனா பழம் மட்டும் போதும்னு இருந்துராதீங்க. தண்ணி ரொம்ப முக்கியம். வேர்த்து ஊத்துது பாத்தீங்களா? வெளிய போனதெல்லாம் திரும்ப உள்ள போகணும். அப்புறம் ஒறக்கம். சதை வளருறது ஓடும்போது இல்ல, படுத்துக் கெடக்கும்போதுதான்."

படுத்துக் கிடந்தால் சதை வளருமாம். அப்படிப் பார்த்தால் எங்கள் தெருவில் பாதிப் பேர் பயில்வான்.

ஆவணி 2, ஞாயிறு

கடிதம் நேற்றே வந்துவிட்டது. புதன்கிழமை, ஆவணி பன்னிரண்டாம் தேதி, திருநெல்வேலியில். காலண்டரைப் பார்த்தேன். அதற்கு முன்னால் வருகிற வியாழன், ஆறாம் தேதி, சங்கடஹர சதுர்த்தி. நீயே நாள் குறித்துக் கொடுத்த மாதிரி இருந்தது.

தேன்மொழி வந்துவிட்டுப் போனதும் வேண்டுதல் பேச்சை எடுத்தேன், பரணிக்கு முகம் சுண்டிவிட்டது. "அத்தே, மாஸ்டர் இனிமே ஒண்ணும் செய்யாதங்காரு. இந்த வாரம் பூரா காலுக்கு ரெஸ்ட். லேசா நடந்தாப் போதுமாம்."

"தோப்புக்கரணம் என்ன ஓட்டமா? இருந்த எடத்துல குனிஞ்சு எந்திக்கிறது. சின்னப் பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல போடுது."

"ஆயிரத்தெட்டு போடுதா?"

"நீ போலீஸ்காரன்ல."

"தவணையாப் போடட்டுமா? ஒரு நாளைக்கு நூறு வச்சு?"

"சாமிக்குத் தவணை கட்டுற மொத ஆளு நீதாம்ல."

சிரித்துவிட்டான். சிரித்தால் சம்மதம் என்றுதான் அர்த்தம், சின்ன வயதிலிருந்தே. கொஞ்ச நேரம் கழித்து, "போட்டா நிச்சயம் கயிறு நழுவாதா அத்தே?" என்று கேட்டான். அவனுக்கும் உள்ளுக்குள் பயம் இருக்கிறது. போலீஸ் வேலைக்கு வயது இந்த வருடத்தோடு முடிகிறது. நழுவாது என்று சொன்னேன். உன் சார்பில்தான் சொன்னேன்.

மாஸ்டரிடம் சொல்ல வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டான். "வையுவாரு."

ஆவணி 5, புதன்

செல்லக்கிளி கூடையில் அரைக்கூடைகூட இல்லை. "இதோட சரிக்கா. மரம் காலி. மழை வேற உலுப்பிட்டு. இனி அடுத்த வருசந்தான்" என்றாள். இருந்ததை எல்லாம் அளக்காமல் முந்தானையில் கொட்டிவிட்டாள். பையனுக்கு வேலை கிடைத்தால் சீலை எடுத்துத் தர வேண்டுமாம்.

உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஊசியில் கோத்தேன். எலுமிச்சை மாலை எல்லோரும் போடுவார்கள். நாவல் மாலை உனக்கு யார் போட்டிருக்கிறார்கள்? பழம் கனிந்திருந்ததால் நாருக்குத் தாங்கவில்லை, நூலை இரட்டையாகப் போட்டுக் கோத்தேன். என் கையெல்லாம் சாயம், சீலையெல்லாம் சாயம். பரணி பின்னாலிருந்து வந்து ஒன்றை எடுக்கப் பார்த்தான். கையில் ஒரு தட்டுத் தட்டினேன். "சாமிக்கு வச்சதுல! ஒண்ணு கொறஞ்சாலும் மாலை பத்தாது."

"ரெண்டு நாளா ஆன்ட்டி ஆக்ஸிடன்டே இல்ல. துரு பிடிக்கப் போவுது" என்று சொல்லிக்கொண்டே போனான்.

ராத்திரிச் சாப்பாட்டோடு அவனுக்கும் எனக்கும் விரதம் ஆரம்பம். நாளை வேண்டுதல் முடிகிற வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படக் கூடாது.

ஆவணி 6, வியாழன்

முடிந்தது. உன் பாக்கி முடிந்தது. நீ பார்த்துக்கொண்டுதான் இருந்தாய், இருந்தாலும் என் வாயால் சொல்ல வேண்டும்.

உனக்கு மாலை அவ்வளவு பொருத்தம். கறுப்புக் கல்லில் கருநீலம். பூசாரியே இரண்டு தடவை கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

முதல் இருநூறு பட்டுப் போல் போட்டான். எண்ணிக்கைக்கு நாவல் கொட்டை, ஒன்றுக்கு ஒன்று மடியிலிருந்து எடுத்துக் கிண்ணத்தில் போட்டேன். நானூறுக்கு மேல் சட்டையைக் கழற்றிவிட்டான். உனக்கு மேலே அந்தத் தகரக் கொட்டகை போட்ட புண்ணியவான் ஒரு ஓலையாவது வேய்ந்திருக்கலாம். ஐந்நூறைத் தாண்டி உட்கார்ந்துவிட்டான்.

"அத்தே, மிச்சத்த சாயங்காலம் போடுதேன். தண்ணி மட்டும் ஒரு வாய்."

"எய்யா, பாதி வந்தாச்சு. இப்பம் எந்திச்சுட்டா இதுவும் போன வருசக் கணக்குல சேர்ந்துரும். முடிச்சுட்டு எளநி வெட்டித் தாரேன்."

பூசாரிகூட, "விடேன் செங்கமலம், பிள்ளையாரு கணக்கா கேக்கப் போறாரு" என்றார். "போன வருசம் கேட்டாருல்லா" என்றேன். அவனுக்கு ஒரு உத்தரணி தீர்த்தம் கொடுக்கச் சொன்னேன். தீர்த்தம் விரதத்தில் சேராது.

அப்புறம் என் முட்டு பட்டுக் கிண்ணம் சாய்ந்துவிட்டது. கொட்டை எல்லாம் உருண்டு ஓடிவிட்டது. எழுநூறா எண்ணூறா என்று எனக்கே தெரியவில்லை. அவன் எண்ணூறு என்றான். கூட்டிச் சொல்லி உன்னை ஏமாற்றலாமா? அறுநூறு என்றே வைத்துக்கொண்டு தொடங்கச் சொன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்தான். மறுபடி காதைப் பிடித்துக்கொண்டான். நல்ல பிள்ளை. கடைசியில் காதை விட்டுவிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு போட்டான். காதைப் பிடிக்காததை நீ பொருட்படுத்த மாட்டாய் என்று நினைக்கிறேன்.

கொஞ்சம் கூடுதலாகவே போட்டிருப்பான். கூடுதல் தப்பில்லை.

வீட்டுக்கு அவனை நடத்திக் கூட்டி வர நேரமாயிற்று. இளநீர் குடித்துவிட்டு உடனே வாந்தி எடுத்தான். வெயில். நிலா பார்த்துச் சோறு போட்டேன், வேண்டாமென்று படுத்துவிட்டான்.

ஆவணி 7, வெள்ளி

தொடை இரண்டும் கல் மாதிரி இருக்கிறது. மடக்க முடியவில்லை, தொட்டால் கத்துகிறான். வேலை செய்த உடம்பு வலிக்கத்தானே செய்யும். வேப்பெண்ணெய் காய்ச்சித் தேய்த்தேன், உப்பு வறுத்து ஒத்தடம் கொடுத்தேன். மருந்துக் கடையில் சொல்லி வலி மாத்திரை வாங்கி வந்தேன்.

பொழுது சாயும்போது பின்பக்கம் போனவன் கதவுக்குள் இருந்து கூப்பிட்டான்.

"அத்தே, ஒண்ணுக்கு கறுப்பா போவுது."

"கறுப்பான்னா?"

"கட்டங்காப்பி மாதிரி. லேசா செவப்பும் இருக்கு."

எனக்கு ஒரு நிமிடம் திக்கென்றது. அப்புறம்தான் தெளிந்தது. "ஏ பைத்தியக்காரா, நாவப்பழச் சாயம்ல அது! நாக்குல ஒட்டுறது வயித்துக்குள்ள மட்டும் ஒட்டாம போவுமா? ஒரு மாசமாத் திங்க. இப்பம்தான் வெளிய வருது."

உள்ளிருந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. "ஆன்ட்டி ஆக்ஸிடன்ட்டு வெளிய வருது" என்றான். நானும் சிரித்தேன்.

ஆவணி 8, சனி

இன்றும் அதே சாயம், ஆனால் கொஞ்சமாகத்தான் போகிறது. படுத்தே இருக்கிறான். சதை வளர்கிறதாக்கும்.

ஆவணி 9, ஞாயிறு

விடுதியில் ஏதோ விழாவாம், தேன்மொழி வரவில்லை. போன் செய்தாள். தூங்குகிறான் என்று சொன்னேன். படுத்துத்தானே இருந்தான், கண்ணும் மூடித்தான் இருந்தது. "காலுக்கு ரெஸ்ட் குடுக்கானா மதினி?" என்று கேட்டாள். "நல்லா குடுக்கான்" என்றேன்.

முகம் கொஞ்சம் ஊதின மாதிரி இருக்கிறது. ரசம் வைத்துக் கொடுத்தேன். உன் திருநீறு பூசினேன்.

ஆவணி 10, திங்கள்

திருநெல்வேலி ஆஸ்பத்திரி. எழுத இடம் கிடைத்ததே இப்போதுதான்.

காலையில் மாஸ்டர் வந்தார், நாலு நாளாக ஆளையே காணோமே என்று. பரணி எழுந்து உட்காரப் பார்த்து முடியாமல் சரிந்தான். மாஸ்டர் அவன் தொடையில் விரலை வைத்து அழுத்தினார். என்னிடம் முதலில் கேட்டது இதுதான்: "ஒண்ணுக்கு என்ன நெறத்துல போவுது?"

"சாயம் மாதிரி போச்சு. இன்னைக்கு போவல."

"போவலயா? நேத்து?"

"கொஞ்சூண்டு."

"என்ன செஞ்சான் இவன்? என்னம்மா செய்ய வச்சீங்க?"

நான் சொல்வதற்குள் பரணி, "நான்தான் சார், பயத்துல தண்டால் பஸ்கி எல்லாம் நெறைய போட்டுட்டேன்" என்றான். மாஸ்டர் என்னைப் பார்த்தார். என் கையில் சாயம் இன்னும் போகாமல் இருந்தது, அதை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். அவர் அவனைத் தோளில் தூக்கித்தான் வண்டியில் ஏற்றினார். அவ்வளவு பெரிய பிள்ளையை.

வழியெல்லாம் உன் பேரைச் சொல்லிக்கொண்டு வந்தேன். கேட்டதா?

ஆவணி 11, செவ்வாய்

டாக்டர் சின்னப் பெண், நம் தேன்மொழியைவிடச் சின்னவள். பொறுமையாகச் சொன்னாள். அளவுக்கு மேல் வேலை கொடுத்தால் சதை உடைந்து போகுமாம். உடைந்தது ரத்தத்தில் கலந்து, வடிகட்டுகிற கிட்னியில் போய் அடைக்குமாம். தண்ணீர் குடிக்காமல் வெயிலில் செய்தால் இன்னும் மோசம். வலி மாத்திரை அதற்கு மேல் மோசம். இப்போது இரண்டு கிட்னியும் நின்றுவிட்டதாம். மிஷினில் போட்டு ரத்தத்தைக் கழுவுகிறார்கள்.

"டாக்டரம்மா, பழம் நெறைய குடுத்தேன். தெனமும் நாவப்பழம் குடுத்தேன்" என்று சொன்னேன்.

"அது நல்லதும்மா. பழத்தால ஒண்ணும் ஆகல. இருக்கிற சதைக்கு அது துணைதான். ஆனா இவ்வளவு உடைஞ்சதுக்கு அப்புறம் எந்தப் பழமும் ஒண்ணும் பண்ண முடியாது." எழுதிக்கொண்டே கேட்டாள்: "யூரின் எப்ப இருந்து கறுப்பா போகுது? சரியா யோசிச்சுச் சொல்லுங்க. மொத நாளே வந்திருந்தா தண்ணி ஏத்தியே பாதிய கழுவி விட்டிருக்கலாம்."

"ஞாயித்துக்கெழமையில இருந்து" என்றேன்.

பொய் இல்லை. வெள்ளியும் சனியும் போனது பழச்சாயம். அதை நோய்க் கணக்கில் சேர்த்து அந்தப் பெண்ணைக் குழப்ப வேண்டாம் என்றுதான். பரணி கண்ணை முழித்துக் கேட்டுக்கொண்டுதான் கிடந்தான்.

தேன்மொழி மத்தியானம் வந்து சேர்ந்தாள். சமையல் கட்டிலிருந்து அப்படியே வந்திருக்கிறாள், சீலையில் மஞ்சள் பொடி. நேராக அவன் கால் பக்கம் போய் நின்று, போர்வையைத் தூக்கித் தொடையைப் பார்த்துவிட்டு, திரும்ப மூடினாள்.

ஆவணி 12, புதன்

இன்றைக்குத்தான் கயிறு. இதே ஊரில், இங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் மைதானமாம். காலையில் ஜன்னல் வழியாக விசில் சத்தம் கேட்டது. அது அங்கிருந்துதானா, போக்குவரத்துப் போலீஸா என்று தெரியவில்லை. பரணி அந்தப் பக்கமே தலையைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தான்.

தேன்மொழி மருந்து வாங்கப் போன நேரத்தில் என்னைக் கிட்டே வரச் சொன்னான். வாயெல்லாம் வறண்டு வெடித்திருக்கிறது. தண்ணீர் கேட்கிறான். இப்போது தண்ணீர் கொடுக்கக் கூடாதாம், அளந்துதான் கொடுக்க வேண்டுமாம். என்னிடம்தான் மறுபடியும் கேட்கிறான், நான்தான் மறுபடியும் கொடுக்கவில்லை.

"அத்தே, அம்மாட்ட தோப்புக்கரணத்தச் சொல்லாதீங்க. தண்டால்னே இருக்கட்டும்."

"நீ பேசாத எய்யா."

"கறுப்பா போனதும் சொல்லாதீங்க. நாம பழம்னுதான நெனச்சோம்?"

"பழந்தாம்ல அது. மொத ரெண்டு நாள் பழந்தான்."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஆமா, பழந்தான்" என்றான். அப்புறம், "ஒங்க நாக்கக் காட்டுங்க" என்றான். காட்டினேன். வெறும் நாக்கு. அவனும் காட்டினான். வெள்ளையாக இருந்தது.

ஆவணி 14, வெள்ளி

பரணி போய்விட்டான். விடியும்போது நெஞ்சு நின்றுவிட்டதாம்.

ஆவணி 17, திங்கள்

தேன்மொழிக்கு யார் சொன்னதோ, பூசாரியோ மாஸ்டரோ. இரண்டு நாளாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தவள் இன்று எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மதினி, எண்ணிக்கை சரியா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"எந்த எண்ணிக்கை?"

"ஒங்க சாமிக்கு. கொறையில்லாம இருந்துச்சான்னு கேக்கேன்."

கொட்டை சிதறியதை அவளிடம் எப்படிச் சொல்வேன்? இருந்தது என்று தலையை ஆட்டினேன். எழுந்து போய்விட்டாள். முறத்தில் காயப் போட்டிருந்த மிச்சக் கொட்டைகளைக் கொல்லையில் கொட்டிவிட்டு, முறத்தை மட்டும் கொண்டுவந்து ஆணியில் மாட்டினாள்.

ஆவணி 22, சனி

இன்று உன் சதுர்த்தி. தெருவெல்லாம் கொழுக்கட்டை வாசம். ஒலிபெருக்கியில் உன் பாட்டு. எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. பதினாறு கழியாத வீடு, தீட்டு. உன் வாசலுக்கு வரக் கூடாது. விவரம் தெரிந்த நாளிலிருந்து இந்த நாளில் உன்னைப் பார்க்காமல் இருந்ததே இல்லை. அதனால்தான் இதை எடுத்தேன். இதில் எழுதுவதற்குத் தீட்டு உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்க நினைத்தேன். கோபமாக இல்லை. நேர்ந்தது நான், போட்டது அவன், வாங்கிக்கொண்டது நீ. மூன்று பேரும் சொன்னபடிதான் செய்தோம். பிறகு எங்கே தப்பு? ஆஸ்பத்திரிக்குப் பிந்திவிட்டது, அதுதான் தப்பு என்று மாஸ்டர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறாராம். எங்கே பிந்தினேன்? ஞாயிற்றுக்கிழமை நோய் தெரிந்தது, திங்கட்கிழமை ஆஸ்பத்திரி. அதற்கு முந்தின இரண்டு நாள் போனது நாவற்பழச் சாயம். அது சாயம் இல்லை என்று யாராவது சத்தியம் செய்யட்டும். அவனே சொன்னானே, பழந்தான் என்று. சாகப் போகிற பிள்ளை பொய் சொல்லுமா? நான் இதை விட மாட்டேன் பிள்ளையாரப்பா. என்னிடம் மிச்சம் இருப்பது இது ஒன்றுதான்.

எழுதிக்கொண்டிருக்கும்போது செல்லக்கிளி வந்தாள். துக்கம் கேட்க இன்றைக்குத்தான் வர முடிந்ததாம், காய்ச்சலில் கிடந்தாளாம். கூடை இல்லாமல் அவளைப் பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் அழுதாள். "வேலை கெடச்சதும் சீலை எடுத்துத் தரணும்னு பகடி பண்ணுனேனேக்கா" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, போகிற நேரத்தில் வாசலில் நின்று கேட்டாள்:

"அந்தக் கடைசிப் பழம் நல்ல இனிப்பாக்கும். அந்த மரத்துல அதான் கடைசி. பிள்ள ஆசையாத் தின்னானாக்கா?"

"தின்னான்" என்று சொல்லி அனுப்பினேன்.

உள்ளே வந்து பேனாவை எடுத்தேன். இந்தக் கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில் இன்னும் கொஞ்சம் சாயம் இருக்கிறது, ஊசியைப் பிடித்த விரல். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

செவ்வாய்க்கிழமையே வீட்டில் பழம் இல்லை. புதன்கிழமை வந்த பழத்தில் ஒன்றுகூட அவன் தின்னவில்லை. எடுக்க வந்த கையைத் தட்டிவிட்டேன். எல்லாம் உன் கழுத்தில் இருந்தது.